ஃபிரிட்ஸ்லிக்கு ஒரு சூரியன்

விளங்காத மொழியில் கேட்கப்படும் கேள்விக்கு ‘ஓம்’ என்று தலையாட்டுகிறவன் எதற்கும் தயாராக இருக்க வேண்டும். நான் தயாராக இருக்கவில்லை. சுவிஸுக்கு வந்து நான்கு வருடமாக ‘யா, யா’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளித்தவன் நான். அந்தச் சொல்தான் எனக்கு வேலை எடுத்துத் தந்தது, வீடு எடுத்துத் தந்தது. கடைசியில் ஒரு பச்சோந்தியையும் எடுத்துத் தந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஆரா என்ற சிறு நகரத்தில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. மரக்கறி வெட்டுவேன், பாத்திரம் கழுவுவேன், திட்டு வாங்குவேன். தலைமைச் சமையல்காரர் ரோலாண்ட் நல்ல மனிதர், ஆனால் அந்த இலையுதிர் காலம் முழுக்க முகம் செத்துப்போய்த் திரிந்தார். மனைவி அவரை விட்டுப் போய்விட்டதாகச் சமையலறையில் கதைத்தார்கள்.

எனக்கோ மனைவி வரப்போகிறாள். ஜெசிந்தா. மன்னாரில் எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பிறகு கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்து, ஒருவழியாக நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சூரிச்சுக்கு வந்து இறங்குவதாக ஏற்பாடு. அவளை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். அவளும் என்னைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தாள். (என் படம் நான்கு வருடம் பழசு. அதில் எனக்குத் தலைமுடி கூட.)

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரோலாண்ட் என்னைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அவர் சொன்னது ‘கமேலெயோன்’. எனக்குக் கேட்டது ‘மெலோனே’. வத்தகப்பழ வகை ஒன்று. மிஞ்சின பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறாயா என்று கேட்கிறார், பெண் வரப்போகிறது என்று தெரிந்து தருகிறார், எவ்வளவு நல்ல மனிதர் என்று நெகிழ்ந்து, “யா, யா, கேர்ன” என்றேன். மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். நவம்பரில் மெலோன் எங்கிருந்து மிஞ்சும் என்று யோசிக்கிற மூளை அன்றைக்கு என்னிடம் இல்லை. பிளாஸ்டிக் பை ஒன்றை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அவருடைய வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

வண்டிக்குள் ஒரு அலுமாரி அளவு கூடு. நான்கு பக்கமும் கம்பி வலை. உள்ளே ஒரு செடி. செடிக்குள் ஒரு கண் என்னைப் பார்த்தது. மற்றக் கண் ரோலாண்டைப் பார்த்தது.

“ஃபிரிட்ஸ்லி” என்று அறிமுகப்படுத்தினார் ரோலாண்ட். யேமன் நாட்டுப் பச்சோந்தியாம். யேமனும் சூடு, சிறீலங்காவும் சூடு, ஆகையால் இதை வளர்க்க உன்னை விட்டால் ஆள் இல்லை என்பது அவருடைய கணக்கு. மடித்த பையை நான் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.

எங்கள் வீடு நான்காம் மாடியில், கூரைக்குக் கீழே. நானும் குகனும் பங்கு. குகன் என்னுடைய நண்பன், பக்கத்து உணவகத்தில் வேலை. என் கலியாணத்துக்காகப் பக்கத்துத் தெருவில் வேறு அறை பார்த்து, பெட்டி கட்டி வைத்திருந்தான். நானும் ரோலாண்டும் கூட்டைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஜெசிந்தாவுக்காகப் புதுப் படுக்கை விரிப்பு விரித்து வைத்திருந்த அறைக்குள் நுழைந்தபோது குகன் சோற்றுக் கோப்பையோடு எழுந்து நின்றான்.

“கலியாண அறைக்குள்ள இதை ஏன்டா கொண்டு போறாய்?”

“மற்ற அறையில பிளக் இல்லை, மச்சான்.”

“நான் அதைக் கேக்கேல்ல.”

ரோலாண்ட் இரண்டு விளக்குகளை எடுத்து வைத்து விளக்கம் சொன்னார். ஒன்று சூட்டு விளக்கு. கூட்டின் மேல்மூலையில், உயரமான கிளைக்கு ஒரு சாண் மேலே. பச்சோந்தி அந்தக் கிளையில் ஏறி உடம்பைச் சூடாக்கும். சூடு போதுமென்றால் இறங்கிக் கீழே குளிர்ந்த பக்கம் போகும். ஆகவே கூடு முழுவதையும் சூடாக்கக்கூடாது. மற்றது பெரியது, உருண்டையானது. அதுதான் சூரியன் என்றார். அதற்குள் ‘ஊ-ஃபவ்-பே’, அதாவது புற ஊதாக் கதிர், இருக்கிறதாம். (கடைசி எழுத்து எனக்குப் பேய் மாதிரியே கேட்டது.) வெயிலில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் இல்லாவிட்டால் இந்தச் சீவனுக்கு எலும்பு மெழுகு மாதிரி வளைந்துபோகும். கண்ணாடி அதைத் தடுத்துவிடும், வலைக்கு மேலேதான் தொங்க வேண்டும். ஒரு விளக்கு நாள் முழுக்க எரியலாம். மற்றது இருபது நிமிடம், ஒரு மீற்றர் தூரத்தில். அதைப் பார்க்கவும் கூடாது.

இதையெல்லாம் நான் பிறகு ஆறுதலாகப் புரிந்துகொண்டேன். அன்றைக்கு அவர் ஐந்து நிமிடத்தில் கடகடவென்று சொன்னார். புது விரிப்பையும் மேசையில் இருந்த ஜெசிந்தாவின் படத்தையும் ஒருமுறை பார்த்தார், கூட்டின் வலையில் இரண்டு விரலால் தட்டினார், போய்விட்டார். பச்சோந்தி அவருடைய மனைவியுடையது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அவருடைய முதுகைப் பார்த்து “யா, யா” என்றேன்.

எந்த விளக்கு நாள் முழுக்க, எந்த விளக்கு இருபது நிமிடம்? சூரியன் நாள் முழுக்கத்தானே எரியும் என்று நான் முடிவெடுத்தேன். இன்றைக்கு நினைத்துப் பார்த்தாலும் அந்த முடிவில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஃபிரிட்ஸ்லி அதற்குள் கறுத்துப்போயிருந்தது. வண்டிக்குள் பச்சையாக வந்த பிராணி, இப்போது கரிக்கட்டை நிறத்தில் கிளையில் ஒட்டிக்கொண்டிருந்தது. குளிரிலும் பயத்திலும் அவை கறுக்கும் என்று எனக்குத் தெரியாது. செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். பெண் வருகிற நாளில் கலியாண அறைக்குள் ஒரு பிரேதம். பதறிப்போய்ச் சூரியனைப் போட்டேன்.

அறையில் மத்தியானம் ஆனது. சும்மா சொல்லவில்லை. ஆராவில் நவம்பரில் புகார் என்கிற பனிமூட்டம் மூடினால் வாரக்கணக்கில் எடுபடாது. ஆற்றிலிருந்து எழும்பி வந்து சன்னலில் சாம்பல் துணி மாதிரித் தொங்கும். காலையா மாலையா என்று மணிக்கூட்டைத்தான் கேட்க வேண்டும். அந்த மாதங்களில் நான் அதிகம் கதைக்க மாட்டேன், சாப்பிட மாட்டேன், வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் கிடப்பேன். குகன் அதற்கு ‘புகார்க் காய்ச்சல்’ என்று பெயர் வைத்திருந்தான். அப்படிப்பட்டவனுடைய அறைக்குள் வெள்ளை வெயில் வந்தால் என்ன செய்வான்?

முதலில், ஃபிரிட்ஸ்லிக்குச் சூடு காணாது என்று விளக்கை ஒரு மீற்றரிலிருந்து ஒரு முழத்துக்கு இறக்கிக் கட்டினேன். பிறகு கூட்டின் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, கிளைகளைக் கம்பியால் கட்டினேன். வெயில் காய்வதற்கு ஒரு படுக்கைக் கிளை, ஏறி வர ஒரு சரிவுக் கிளை, இளைப்பாற ஒரு கிளை. மணமகளுக்குக்கூட நான் இவ்வளவு கவனமாக அறை ஒழுங்கு செய்யவில்லை. பச்சோந்திக்கு என்னைவிட அறிவு இருந்தது. அது அந்த வெயிலைக் கண்டதும் இறங்கிப்போய்ச் செடியின் அடியில், இலைகளுக்குள் ஒளிந்துகொண்டது. நான் ஒளியவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு, கூட்டுக்குப் பக்கத்தில் வலக்கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சோறும் அங்கேயே இருந்து தின்றேன். பல மாதங்களுக்குப் பிறகு உடம்புக்குள் ஏதோ இளகியது. நாளைக்கு அவளிடம் முதலில் என்ன சொல்வது என்று வசனம் யோசித்தேன். விளக்கை அணைக்க மனமே வரவில்லை, நடுச்சாமத்துக்குத்தான் அணைத்துவிட்டுப் படுத்தேன்.

விடியும்போது யாரோ என் கண்ணுக்குள் மிளகாய்த்தூளைக் கொட்டி, அதற்கு மேல் மணலும் போட்டிருந்தார்கள். இமை திறக்கவில்லை. திறந்த ஒரு நொடியில் கண்ணீர் ஊற்றாய்ப் பாய்ந்தது. வலக்கன்னம் தோசைக்கல்லில் வைத்த மாதிரி எரிந்தது.

“குகன், எனக்குக் கண் தெரியேல்ல.”

குகன் விளக்கைப் போட்டான். நான் ஐயோ என்று கத்தி முகத்தைத் தலையணைக்குள் புதைத்தேன். அவன் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

“மச்சான், உன்ர முகம் ரெண்டு நிறமா இருக்கு” என்றான் பிறகு.

விமானம் காத்திருக்காது. குகன் எனக்குக் கோட் சூட் மாட்டி, கழுத்துப் பட்டி கட்டி, தன்னுடைய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுவிட்டு, முழங்கையைப் பிடித்து ரயிலேற்றினான். வழியெல்லாம் படிக்கட்டு, பள்ளம் என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் கையில் ரோசாப் பூச்செண்டோடு, மூக்கால் தண்ணீர் வடிய, இரண்டு நிற முகத்தோடு சூரிச் விமான நிலையத்தில் நின்றேன். வெளியே அடை புகார். அந்த நாட்டிலேயே அன்றைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பெண்ணை அடையாளம் காண்பது குகனுடைய பொறுப்பு. படத்தை அவன்தான் வைத்திருந்தான்.

“வருது. நீலச் சீலை. ஒரு பாக். சிரிக்கேல்ல. பூவைக் குடு.”

நான் பூச்செண்டை நீட்டினேன்.

“அது தூண்” என்றான் குகன், என் கையைத் திருப்பிவிட்டபடி.

பூச்செண்டு என் கையிலிருந்து மெதுவாக வாங்கப்பட்டது. நான் இரவு யோசித்து வைத்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. “பயணம் எப்பிடி?” என்று கேட்டேன். அழுகிறவன் குரலில் கேட்டேன், ஏனென்றால் மூக்கு அடைத்திருந்தது.

அவள் குகனிடம் கேட்டாள். “இவருக்கு எப்ப துவங்கினது இப்பிடி?”

“நேற்றுத்தான், தங்கச்சி.”

“நேற்று.”

“ஓம். வீட்டில ஒரு பச்சோந்தி இருக்கு. அதால.”

குகன் நல்லவன். ஆனால் ஒரு விஷயத்தை எந்த முனையிலிருந்து சொல்லத் தொடங்க வேண்டும் என்று அவனுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

ஆராவுக்குப் போகிற ரயிலில் அவள் எனக்கு எதிரே இருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. துணி உரசுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனையோ இரவு அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவன் நான். ஆளே வந்து முன்னுக்கு இருக்கும்போது ஒரு கறுப்புத் திரைதான் தெரிந்தது. பாதி வழியில் குகன் தேத்தண்ணி வாங்க எழுந்து போனான். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“ஒண்டு கேக்கிறன். உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்குப் பிறப்பிலயே கண் தெரியாதோ?”

“இல்லை. சத்தியமா இல்லை. நேற்று ஒரு லைட்டுக்குப் பக்கத்தில…”

“நான் கோவிக்க மாட்டன்” என்றாள். குரல் மிக மெதுவாக வந்தது. “எனக்குத் திரும்பிப் போக இடமில்லை. வீடும் இல்லை. நீங்க கண் தெரியாதவர் எண்டாலும் நான் கட்டத்தான் வேணும். ஆனா எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. அதுதான் ஒரு மாதிரி இருக்கு. தெரிஞ்சிருந்தா மனசைத் தயார்படுத்தியெண்டாலும் வந்திருப்பன்.”

இந்தக் கதையை நான் எத்தனையோ தரம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் சொல்வேன். ஒரு பெண் முகாமிலிருந்தும் லொட்ஜிலிருந்தும் தப்பி, இத்தனை தூரம் பறந்து வந்து, குருட்டு மாப்பிள்ளைக்கு மனதைச் சரிப்படுத்திக்கொண்டு எனக்கு முன்னால் இருக்கிறாள். என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று காட்ட என்னிடம் கண் இல்லை. நான் அழுதேன். ஏற்கனவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் அது அவளுக்குத் தெரிந்திருக்காது.

வீட்டில் குகன் என்னை முன்னறைச் சோபாவில் படுக்கவைத்து, ஈரத் துணியைக் கண்ணில் போட்டான். பேர்ணில் இருக்கிற ஜெசிந்தாவின் அக்கா மேரி பின்னேரம் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவதாகவும், கலியாணம் வரைக்கும் அங்கே இருப்பதாகவும் ஏற்பாடு. அதுவரைக்கும் சாப்பாடு. குகன் அரிசி வாங்கவும், ரோலாண்டுக்கு ரெலிபோன் எடுக்கவும் கீழே ஓடினான்.

ஜெசிந்தாவின் காலடி உள்ளறைப் பக்கம் போனது. அங்கே நின்றது.

“உண்மையா இருக்கு” என்றாள். பச்சோந்தி இருப்பதைத்தான் சொல்கிறாள். அவளுடைய குரலில் முதல் தடவையாக எனக்கு ஆதரவாக ஏதோ ஒன்று கேட்டது. “ஆனா இது செத்துட்டுதோ?”

“தெரியேல்ல. எனக்குப் பார்க்க ஏலாது.”

“கண்ணை மூடிக்கொண்டு கிடக்கு. செடிக்கு அடியில.”

“நிறம்?”

“கறுப்பு. இல்லை, மண்ணிறம். கழுத்துப் பக்கம் கொஞ்சம் பச்சை. ஒரு கண் வீங்கியிருக்கு.” அவளுடைய காலடி வாசலுக்கு வந்து நின்றது. “உங்களுக்கும் அந்தப் பக்கம்தான் வீங்கியிருக்கு.”

“மேல எந்த லைட் எரியுது?”

“பெரிசு. உருண்டையா. பார்க்க ஏலாத வெளிச்சம்.”

“பார்க்காதேங்கோ” என்று நான் சோபாவிலிருந்து எழும்பப் போய் மேசையில் முழங்காலை இடித்தேன். “சுவர்ப் பக்கம் திரும்பி நிண்டு பிளக்கைக் கழட்டுங்கோ.”

கழற்றினாள். காலையில் அவசரத்தில் குகன்தான் அதைத் திரும்பவும் போட்டிருந்தான். (பச்சோந்தி குளிரில் நடுங்கியதாம். அது நடுங்கவில்லை; அவை நடக்கும்போது ஆடி ஆடித்தான் நடக்கும்.) பிறகு அவள் சின்ன விளக்கைப் போட்டாள், இலைகளில் விரலால் தண்ணீர் தெளித்தாள். அவை கிண்ணத்தில் குடிக்காது, இலையில் நிற்கிற துளியைத்தான் நக்கும் என்று ரோலாண்ட் சொன்னதில் எனக்கு விளங்கியிருந்த ஒரே விஷயத்தை நான் சோபாவிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். அவள் அங்கே நின்று நடப்பதையெல்லாம் எனக்குச் சொன்னாள். இப்ப ஒரு கண்ணைத் திறக்குது. அந்தக் கண் மட்டும் தனியாச் சுத்துது. என்னைத்தான் பாக்குது. நாக்கை நீட்டுது. தண்ணி குடிக்குது. நாங்கள் இருவரும் முதன்முதலில் கதைத்தது அதைப்பற்றித்தான். எங்களைப்பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

பின்னேரம் மேரி அக்கா வந்தார். என்னைப் பெண் பார்க்க வந்த மாதிரி ஒருமுறை ஏற்கனவே வந்து பார்த்துவிட்டுப் போனவர். வாசலில் நின்று என் முகத்தை அளந்தார் போல.

“போன மாசம் வடிவாத்தானே கண் தெரிஞ்சது” என்றார். ஜெசிந்தாவுக்கு அது ஆறுதல். எனக்கு அல்ல, ஏனென்றால் அடுத்து அவர் குகனிடம் குரலைத் தாழ்த்தி, “இவர் குடிக்கிறவரோ?” என்று கேட்டார். குகன் பச்சோந்தியிலிருந்து தொடங்கினான். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். “யோசிச்சுச் சொல்லுறம்” என்று சொல்லி, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் ரோலாண்ட் வந்து என்னை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு டொக்டரிடம் கொண்டுபோனார். டொக்டர் கண்ணை விரித்துப் பார்த்து, நான் வெல்டிங் வேலையா என்று கேட்டார். வெல்டர்களுக்கு வருகிற கண் வருத்தமாம். இல்லை, பச்சோந்தி என்றேன். அவர் எழுந்துபோய் அடுத்த அறையில் இருந்த தாதியையும் கூட்டிக்கொண்டு வந்து, என்னை இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.

திரும்பி வந்து ரோலாண்ட் விளக்குகளைத் தானே கட்டினார். சூட்டு விளக்கு மூலையில், சூரியன் வலைக்கு மேலே ஒரு மீற்றரில், முட்டை அவிக்கிற சின்ன மணிக்கூடு ஒன்று பக்கத்தில். கட்டி முடித்துக் கதிரையில் இருந்துகொண்டு, மெதுவாக, எனக்கு விளங்குகிற ஜெர்மனில் சொன்னார். விளக்குப் பார்க்கிறது எப்போதும் மனைவியின் வேலையாம். அவள் போன பிறகு பல நாட்கள் அவரும் எதையும் போடாமல் விட்டுவிட்டாராம். இருட்டில் அது கறுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தரலாம் என்று நினைத்தாராம். அந்த முறை நான் ‘யா, யா’ சொல்லவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

பேர்ணிலிருந்து செய்தியே இல்லை. என் கண் திறந்துவிட்டது. திறந்து பார்க்கப் புகாரைத் தவிர ஒன்றும் இல்லை. கலியாணம் இல்லை என்று மனதுக்குள் முடிவாகிவிட்ட ஒரு பின்னேரம் ரெலிபோன் அடித்தது.

“நான் ஜெசிந்தா. கண் திறந்துட்டுதோ?”

“ஓம்” என்றேன். “வீக்கமும் வத்திட்டுது. இப்ப எல்லாம் வடிவாத் தெரியுது.”

“நான் உங்களைக் கேக்கேல்ல” என்றாள். “அதைக் கேட்டனான்.”

அதற்கும் திறந்திருந்தது. அதை அவள் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று சொன்னாள். அக்காவோடு வந்தாள். அப்போதுதான் நான் அவளை முதலில் பார்த்தேன். படத்தைவிட மெலிந்திருந்தாள். படத்தைவிடக் களைத்திருந்தாள். அவள் என்னைப் பார்த்துவிட்டு, வலக்கன்னம் உரிந்துகொண்டிருந்ததால், இடக்கன்னப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து நின்றாள்.

கலியாணம் நடந்தது. தேவாலயத்தில் எடுத்த படத்தில் என் முகத்தின் இடப் பாதி சாதாரண மன்னார் நிறம். வலப் பாதி உரிந்து, திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பு. படம் பிடித்தவர் எவ்வளவோ முயன்றும் வெளிச்சம் சரிவரவில்லை. கலியாணத்துக்கு வந்த சனம் சாப்பிட்டு முடிவதற்கு முன் எனக்குப் பெயர் வைத்துவிட்டது: பச்சோந்தி அன்ரன். ஆராவில் மூன்று அன்ரன்கள் இருந்ததால் அந்தப் பெயர் ஒரேயடியாக ஒட்டிக்கொண்டது. ஃபிரிட்ஸ்லி எங்களோடு இன்னும் இரண்டு குளிர்காலம் இருந்தது. மூன்றாவது புகாருக்கு ஒரு காலையில் கிளையில் இருந்தபடியே கண்ணை மூடிவிட்டது. ஜெசிந்தா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ரோலாண்டுக்குச் சொன்னபோது அவர் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

பெயர் மட்டும் இருந்தது. அந்தப் பெயர் எங்கள் சனத்துக்குள் வேறு என்ன அர்த்தம் தரும் என்று நான் யோசிக்கவில்லை. சில வருடம் கழித்து ஒரு தேவாலயத் திருநாளில் சூரிச்சிலிருந்து புதிதாக வந்த ஒருவருக்கு நான் தேத்தண்ணி நீட்டினேன். பக்கத்தில் நின்றவர் “இவர்தான் பச்சோந்தி அன்ரன்” என்று அறிமுகப்படுத்த, வந்தவர் கோப்பையை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு மற்றவரிடம் நான் எந்தப் பக்கம் இருந்து எந்தப் பக்கம் மாறினவன் என்று விசாரித்தாராம். ஊரில் ஆயுதம் எடுத்த இயக்கங்கள் பக்கம் மாறினவர்களைச் சுட்ட அந்தக் காலத்தில் அது சிரிக்கிற கேள்வி இல்லை. நான் கோப்பையை மேசையில் வைத்தேன்.

ஜெசிந்தாதான் போனாள். அவரை ஒரு கதிரையில் இருத்தி, மெலோனிலிருந்து தொடங்கி, விளக்கு, கிளை, கறுப்புக் கண்ணாடி, தூண், டொக்டர் என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். கைப்பையிலிருந்து கலியாணப் படத்தையும் எடுத்துக் காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார், படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார், தலையாட்டினார்.

“கதை நல்லா இருக்கு, தங்கச்சி” என்றார். “அதை விடுங்கோ. அவர் முந்தி எந்த இயக்கம்?”

இன்றைக்கும் எங்கள் வீட்டில் உண்மையைச் சொல்லித் தப்ப முடியாது. வேலைக்குப் பிந்தியதற்கு ரயில் நின்றுவிட்டது என்று நான் சொன்னால், மகள் மேசையிலிருந்து நிமிராமலே கேட்பாள்: “கதை நல்லா இருக்கு, அப்பா. எந்த இயக்கம்?”